பூட்டு வேண்டும்; வாய்ப்பூட்டு வேண்டாம்

(கோட்டுகாலில் நடந்த நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை. வர இயலாமற்போன உறுப்பினர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



சென்ற கூட்டத்தில் ரேஷன் கார்டு பற்றியும் வீட்டு வாடகை பற்றியும் பேசினோம். இன்று செயலாளர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வேறு மாதிரியானது. அணைக்கட்டு, மின் நிலையம், துறைமுகம், அணு உலை ஆகியவை நாட்டின் உயிர்நாடியான இடங்கள். இவற்றுக்கு ஆபத்து வரும்போது அரசாங்கம் எதை மக்களிடம் சொல்ல வேண்டும், எதை மறைத்து வைக்கலாம்? இதுதான் கேள்வி.

"இதெல்லாம் படித்தவர்கள் பேச வேண்டியது, கல் சுமக்கிறவனுக்கு எதற்கு?" என்று வாசலில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்லித்தான் நான் தொடங்க வேண்டும்.

சவ்வரிசி அல்ல

கப்பல் மூழ்கிய சமயம் உங்களுக்கு நினைவிருக்கும். அடிமலத்துறைப் பக்கம் குடியிருக்கும் நம் சங்கத்துத் தாய் ஒருவர் ஒரு கிண்ணத்தை என் முன்னே நீட்டினார். "அண்ணாச்சி, பயல் கடற்கரையிலிருந்து பொறுக்கிக் கொண்டு வந்திருக்கான். சவ்வரிசி மாதிரி இருக்கு. வாயில போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார். கிண்ணத்தில் வெள்ளை வெள்ளையாக மணிகள். அது பிளாஸ்டிக் சாமான்கள் செய்வதற்கான மூலப்பொருள் என்று பிறகுதான் தெரிந்து கொண்டேன். அந்த நேரத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

நடந்தது என்ன? நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி பிரதமரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அந்தத் துறைமுகத்திலிருந்து மே 23-ஆம் தேதி கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற லைபீரியக் கொடிக் கப்பல், மறுநாள் நடுக்கடலில் சரிந்து, 25-ஆம் தேதி மூழ்கிப் போயிற்று. கப்பலில் இருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டார்கள்; அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கப்பலில் 640 பெட்டிகள். அவற்றில் 13 பெட்டிகளில் அபாயமான சரக்கு. 12 பெட்டிகளில் கால்சியம் கார்பைடு.

கார்பைடு என்றால் உங்களுக்குத் தெரியும். மாம்பழமும் வாழைத்தாரும் பழுக்க வைக்கக் கள்ளத்தனமாக வைப்பார்களே, அந்தக் கல். தண்ணீர் பட்டால் அதிலிருந்து தீப்பற்றும் வாயு கிளம்பும். கடலில் மிதந்து வரும் பெட்டிக்குள் அது இருந்தால் பக்கத்தில் போகிறவனின் கதி என்ன?

அரசாங்கம் எச்சரிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டிகளைத் தொடாதே, 200 மீட்டர் தள்ளி நில், 112-க்குத் தகவல் கொடு என்று சொன்னார்கள். எத்தனை பெட்டியில் அபாயச் சரக்கு என்ற எண்ணிக்கையும் உடனே வந்தது. ஆனால் 640 பெட்டிகளில் எதற்குள் என்ன இருந்தது என்ற முழுப்பட்டியல் மக்களிடம் வரவில்லை. மீன் வாங்க ஆள் வரவில்லை. மீன் தின்னலாமா என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. பொதுநல வழக்குப் போட்டு, கேரள உயர் நீதிமன்றம் "சரக்கு விவரத்தைப் பொதுமக்கள் அறிய வெளியிடுங்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. மணிகளோ திருவனந்தபுரம் மாவட்டக் கரைகளையும் தாண்டிக் குமரி மாவட்டக் கரைகள் வரை போய் ஒதுங்கின. மணிக்குக் களியக்காவிளைச் சோதனைச்சாவடி தெரியுமா?

வாசலில் கேட்ட தோழரே, கல் சுமக்கிறவனுக்கு இது எதற்கு என்றால் இதற்காகத்தான். அந்தக் கிண்ணத்தை நீட்டிய தாய்க்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை யாருக்கோ இருந்தது. அந்தப் பதில் ஒரு காகிதத்தில் எங்கோ எழுதியும் இருந்தது. அவர் கைக்குத்தான் வந்து சேரவில்லை.

இரண்டு நாளில் இரண்டு அறிக்கை

கப்பலாவது கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஒன்றைச் சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் கூடங்குளம். நம்மில் பலருக்கு அந்தப் பக்கமே சொந்த ஊர். அங்கே ஆளுக்கு ஆயிரம் மெகாவாட் என்று இரண்டு உலைகள் ஓடுகின்றன. 1988-ஆம் ஆண்டு ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டு, 2013 ஜூலையில் முதல் உலை இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரத்தில் கேரளத்துக்கும் பங்கு உண்டு. இந்தக் கூட்டத்தில் எரிகிற விளக்கிலும் அதன் துளி இருக்கலாம்.

2019 செப்டம்பர் 4-ஆம் தேதி, 'செர்ட்-இன்' என்ற மத்திய அரசின் கணிப்பொறிப் பாதுகாப்பு அமைப்பு, இந்திய அணுமின் கழகத்துக்கு ஒரு செய்தி அனுப்பியது: உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் நிரல் புகுந்திருக்கிறது என்று. அணுசக்தித் துறை நிபுணர்கள் உடனே ஆராய்ந்தார்கள். வேலையைச் செய்தார்கள், அதில் குறை சொல்ல எனக்கு அறிவு போதாது. ஆனால் செப்டம்பர் போயிற்று, அக்டோபரும் முடியப் போயிற்று, நமக்கு ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 28-ஆம் தேதி வெளி ஆட்கள் மூலம் செய்தி கசிந்தது. மறுநாள், 29-ஆம் தேதி, கூடங்குளம் நிலையத்திலிருந்து ஓர் அறிக்கை: பரப்பப்படுவது பொய்ச் செய்தி, நிலையத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு இணைக்கப்படாதது, அதன் மீது கணிப்பொறித் தாக்குதல் நடக்கவே முடியாது. அதற்கு அடுத்த நாள், 30-ஆம் தேதி, அணுமின் கழகத்தின் தலைமையிடத்திலிருந்து இன்னோர் அறிக்கை: வேவு நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒருவருடைய கம்ப்யூட்டரில் அது இருந்தது, உலையை இயக்கும் அமைப்புக்குப் பாதிப்பு இல்லை.

தோழர்களே, இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லாகப் பிடித்தால் இரண்டுமே உண்மையாக இருக்கலாம். உலையை இயக்கும் அமைப்பில் எதுவும் புகவில்லை என்று முதல் அறிக்கை சொல்கிறது. அலுவலகக் கம்ப்யூட்டரில் புகுந்தது என்று இரண்டாவது சொல்கிறது. ஆனால் முதல் அறிக்கையைப் படித்த சாதாரண மனிதன் என்ன நினைத்திருப்பான்? ஒன்றுமே நடக்கவில்லை என்று. அடுத்த நாள் என்ன நினைத்திருப்பான்? நேற்றுச் சொன்னது பொய், இன்று சொல்வதும் பாதிப் பொய் என்று.

அந்தச் சமயம், அக்டோபர் 19-ஆம் தேதி இரண்டாவது உலை நின்று போயிருந்தது. நின்றதையும் நிரலையும் முடிச்சுப் போட்டு ஆயிரம் வதந்தி கிளம்பியது. நம் டீக்கடைகளில் உலையே பறி போய்விட்டது என்று பேசினார்கள். உண்மை மெதுவாக நடந்து வந்தால் வதந்தி பஸ் ஏறிப் போய்விடும். செப்டம்பரிலேயே நாலு வரி சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? "ஓர் அலுவலகக் கம்ப்யூட்டரில் வேவு நிரல் புகுந்தது; தனிமைப்படுத்திவிட்டோம்; உலைக்கு ஆபத்தில்லை" என்று சொன்னால் எதிரிக்கு இதில் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. புகுந்தவனுக்குத் தான் புகுந்தது தெரியும்! தெரியாமல் இருந்தது நமக்கு மட்டுமே.

மறைப்பதற்கும் நியாயம் உண்டு

இதுவரை கை தட்டினீர்கள். இனி நான் சொல்வதற்குக் கை தட்டாமல் இருந்தாலும் பரவாயில்லை. எல்லாவற்றையும் திறந்து போடு என்று கேட்பது தவறு.

2008 நவம்பரில் பம்பாயிலே நடந்த கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். கொலைகாரர்கள் கடல் வழியாக வந்தார்கள்; ஒரு மீன்பிடிப் படகைப் பிடித்து அதில் வந்தார்கள். அந்தப் படகிலிருந்த மீனவர்களைக் கொன்றார்கள். முதலில் செத்தவன் தொழிலாளிதான். உக்ரைன் நாட்டிலே 2015 டிசம்பரில் கம்ப்யூட்டர் வழியாகவே மின் நிலையங்களை அணைத்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை மணிக்கணக்கில் இருளில் போட்டார்கள். இப்படிப்பட்ட ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாமே வழிகாட்டலாமா?

துறைமுகத்தில் காவல் எத்தனை மணிக்கு மாறுகிறது, எந்த வாசலில் எத்தனை பேர், உலையின் கம்ப்யூட்டர் எந்தக் கம்பி வழியாக எதோடு பேசுகிறது, எந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை, இவற்றையெல்லாம் நாம் கேட்கக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது. அதோடு, நம்மில் சிலர் உள்ளே கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். அலைத்தடுப்புக்குப் பாறை ஏற்றி லாரியில் வந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். உள்ளே படம் எடுத்துச் செல்போனில் அனுப்பாதீர்கள். நுழைவுச் சீட்டைப் பெருமைக்காக எல்லோருக்கும் காட்டாதீர்கள். கூடங்குளத்தில் வேவு நிரல் இருந்தது ஒருவர் நிர்வாக வேலைக்காகப் பயன்படுத்திய சாதாரண கம்ப்யூட்டரில் என்பதை மறக்க வேண்டாம். நம் கை சிறிய கை என்று நினைத்து அலட்சியமாக இருக்கக் கூடாது.

அப்படியானால் எதைக் கேட்பது, எதை விடுவது? இதற்கு நான் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். வீட்டுச் சாவி எந்தப் பானைக்குள் இருக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் வீட்டில் தீப்பிடித்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லாமல் இருக்க எவனுக்கும் உரிமை கிடையாது. ஒரு செய்தியை வெளியிட்டால் தாக்க வருகிறவனுக்குக் கை கொடுக்குமா, தப்பிக்க வேண்டியவனுக்குக் கை கொடுக்குமா என்று பாருங்கள். முதல் வகை ரகசியமாக இருக்கட்டும். இரண்டாவது வகையை மறைத்தால் அது அதிகாரியின் நாற்காலியைக் காக்கிற ரகசியம்; நாட்டைக் காக்கிற ரகசியம் அல்ல.

மறைத்ததால் செத்தவர்கள்

போபாலிலே 1984 டிசம்பர் 2-ஆம் தேதி நள்ளிரவில் விஷவாயு கசிந்தது. தொழிற்சாலைக்குள் என்ன வாயு இருக்கிறது, பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சுற்றியிருந்த குடிசைக்காரனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி டாக்டருக்கே தெரியவில்லை. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ உயிர் மிஞ்சியிருக்கும். ஓடினார்கள், ஓட ஓட மூச்சு வாங்கியது, அதிகமாக விஷத்தை உள்ளே இழுத்தார்கள். அதற்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்த்தார்கள்: அபாயகரமான தொழில் நடத்துகிறவர், அபாயம் என்ன, தற்காப்பு என்ன என்பதைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் சொல்லியே ஆக வேண்டும். ஆயிரக்கணக்கான பிணங்களைக் கண்ட பிறகு வந்த சட்டம் அது.

ஜப்பானிலே 2011 மார்ச் 11-ஆம் தேதி நிலநடுக்கமும் சுனாமியும் வந்து புகுஷிமா அணு உலை பழுதுபட்டது. காற்று எந்தப் பக்கம் கதிர்வீச்சைக் கொண்டு போகும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் அமைப்பு அரசாங்கத்திடம் இருந்தது. அந்தக் கணக்கு மக்களிடம் போகவில்லை. நாமியே என்ற ஊர் மக்கள், தப்பிப்பதாக எண்ணிக் கொண்டு சுஷிமா என்ற மலைப்பகுதிக்குப் போய்த் தங்கினார்கள். கதிர்வீச்சு அதிகமாக விழுந்ததே அந்தப் பக்கந்தான். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டோமே என்று பிறகு தாய்மார்கள் அழுதார்கள். அந்தக் கணக்கை ஒளித்து வைத்ததால் எந்த எதிரியிடமிருந்து யாரைக் காப்பாற்றினார்கள்?

நம் கரைக்கு வருவோம். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒகி புயல். பூந்துறை, விழிஞ்ஞம், தூத்தூர் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பாரி கேட்டது. அது ரகசியத்தால் வந்த சாவு அல்ல. எச்சரிக்கை எப்போது வந்தது, யாருக்கு வந்தது என்று பிறகு வாதம் நடந்தது. கடலில் இருந்தவனுக்கு அது போய்ச் சேரவில்லை என்பதில் மட்டும் வாதம் இல்லை. போய்ச் சேராத செய்தியும் மறைத்த செய்தியும் சாகிறவனுக்கு ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ஆம் ஆண்டு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி நம் சங்கத்தில் முன்பே பேசியிருக்கிறோம். பத்து ரூபாய் கட்டணத்தில் கேள்வி கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு விளைவிக்கும் தகவலைக் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது. சரிதான். ஆனால் அதே பிரிவிலேயே இன்னொன்றும் இருக்கிறது: மறைப்பதால் வரும் நன்மையை விடச் சொல்வதால் வரும் பொதுநன்மை பெரிதானால் கொடுக்கலாம். 10-ஆம் பிரிவு இன்னும் தெளிவு: ஒரு காகிதத்தில் ரகசியம் ஒரு வரி இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு மற்றதைக் கொடு. ஒருவருடைய உயிர் சம்பந்தப்பட்ட தகவலானால் 48 மணி நேரத்துக்குள் கொடு. சாவியையும் தீயையும் பிரித்துப் பார்க்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

அந்த வழியில் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கூடங்குளமே சாட்சி. உலையின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட ஆய்வறிக்கையையும் காட்டுங்கள் என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். மறுத்தார்கள். 2012 ஏப்ரல் 30-ஆம் தேதி மத்தியத் தகவல் ஆணையம், வடிவமைப்பு ரகசியங்களை நீக்கிவிட்டு மற்றதைக் கொடுங்கள், எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள் என்று உத்தரவிட்டது. எவ்வளவு நியாயமான தீர்ப்பு! ஆனால் பாதுகாப்பு ஆய்வறிக்கை விஷயம் டில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஏறிப் போயிற்று. இன்னொரு பக்கம், கேள்வி கேட்ட இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குகள் வரை பாய்ந்தன. உலை இயங்கலாம் என்று 2013 மே 6-ஆம் தேதி தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அந்த மக்கள் மீதான வழக்குகளை விலக்கிக்கொள்ள முயல வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

அதற்குப் பிறகு கதவு திறந்ததா? 2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது: கணிப்பொறித் தாக்குதல் எதுவானாலும் 6 மணி நேரத்துக்குள் எங்களுக்குச் சொல்லுங்கள் என்று. நல்ல உத்தரவு. ஆனால் 2023 நவம்பரில் அந்தச் செர்ட்-இன் அமைப்பையே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து மத்திய அரசு விலக்கி வைத்துவிட்டது. ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய புகாருக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. அரசாங்கத்துக்கு 6 மணி நேரத்தில் தெரிய வேண்டும். மக்களுக்கு? எத்தனை நாள்? எத்தனை மாதம்? அதற்கு அந்த உத்தரவில் கணக்கில்லை.

மக்களிடம் சொல்ல முடியாததை, மக்களுக்காகப் பார்க்கிற ஒருவரிடமாவது சொல்ல வேண்டும். அவர் மின்சாரம் விற்கிறவனுக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. அணு உலைகளைக் கண்காணிக்கும் வாரியம் மத்திய அரசுக்குக் கட்டுப்பட்ட கீழமைப்பாகவே இருக்கிறது என்று 2012-இல் தணிக்கைத் துறையே குறை சொன்னது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 1962-ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டத்தை மாற்றிப் புதிய சட்டம் இயற்றியபோது அந்த வாரியத்துக்குச் சட்டத் தகுதி கொடுத்திருக்கிறது. தகுதி ஏட்டில் வந்துவிட்டது. வாரியம் வாய் திறந்து பேசும் நாளில்தான் அதன் பலம் தெரியும்.

நமக்கு மட்டும் இருக்கிற கஷ்டம்

இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொது. இனி நமக்கென்று தனியாக இருக்கிற கஷ்டத்துக்கு வருகிறேன்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி எல்லைக்கோடு போட்டார்கள். விளவங்கோடு அந்தப் பக்கம், நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம். அன்றைக்கு இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே சிறுபான்மை ஆனார்கள். நாமோ பிழைக்க வந்து சிறுபான்மை ஆனவர்கள். மலையாளம் பேசக் கற்றுக் கொண்டோம். படிக்க எத்தனை பேருக்கு வரும்? பஞ்சாயத்தின் எச்சரிக்கைப் பலகை மலையாளத்தில் இருக்கிறது. வார்டு உறுப்பினர் அனுப்புகிற செய்தி மலையாளத்தில் வருகிறது. பேரிடர் வந்தால் யாரை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போவது என்று பட்டியல் போடுகிறபோது, ஓர் அறையில் எட்டுப் பேர் வாடகைக்கு இருக்கிற வீட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது. அதுவும் வீட்டுக்காரர் பெயர்! எல்லோருக்கும் திறந்து சொன்ன செய்திகூட நம் வாசலுக்கு வரும்போது ரகசியமாகிவிடுகிறது.

இரண்டாவது கஷ்டம் பயம். வெளியூர்க்காரன் துறைமுகத்தைப் பற்றியோ உலையைப் பற்றியோ கேள்வி கேட்டால், "நீ யார், எதற்குக் கேட்கிறாய்?" என்ற பேச்சு வரும். வீட்டுக்காரர் முகம் மாறும். மேஸ்திரி மறுநாள் வேலைக்கு வேண்டாம் என்பார். அந்தத் தாய் கிண்ணத்தை என்னிடம் ஏன் கொண்டு வந்தார்? பஞ்சாயத்து ஆபீசுக்குக் கொண்டு போகப் பயம். எனக்கு அதுதான் அன்று இரவு தூக்கம் வராமல் செய்தது. உயிர் பற்றிய கேள்வியைக் கேட்க ஒரு தாய் பயப்படுகிற இடத்தில், யார் என்ன பாதுகாப்புச் செய்து என்ன பயன்?

ஆகவே தனி ஆளாக யாரும் போய் நிற்க வேண்டாம். சங்கம் கேட்கட்டும். எழுத்தில் கேட்கட்டும். மரியாதையாகக் கேட்கட்டும். தமிழிலேயே எழுதலாம். மத்திய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறையைச் சொல்லி மனுக் கொடுக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 350-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது. மலையாளத்தில் ஒரு நகலும் சேர்த்துக் கொடுத்தால் நம் அயலாரும் படிப்பார்கள். ஏனென்றால் இது அவர்கள் பிள்ளைகளின் உயிரும்தான். மலையாளி மீனவனும் தமிழ்க் கூலியும் ஒரே காற்றைத்தான் மூச்சு விடுகிறார்கள்.

நாம் கேட்பவை

செயற்குழு ஒரு மனுவைத் தயாரித்திருக்கிறது. அதில் காவலர் எண்ணிக்கை இல்லை, கம்பி வரைபடம் இல்லை, எந்தப் பூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. நாம் கேட்பவை ஐந்து:

முதலாவது, நம் கரையையொட்டிக் கப்பல் விபத்து நேர்ந்தால், சரக்கு இன்னது, தொட்டால் இன்னது ஆகும், மீன் தின்னலாமா கூடாதா என்பதை நீதிமன்றம் சொல்லும் வரை காத்திராமல் பஞ்சாயத்து அறிவிக்க வேண்டும்.

இரண்டாவது, எச்சரிக்கை தமிழிலும் வர வேண்டும். இங்கே வேலை செய்கிற வங்காளத் தோழர்களுக்கும் இந்திக்காரர்களுக்கும் அவரவர் மொழியில் வர வேண்டும். ஒலிபெருக்கி வண்டி வாடகைக் குடியிருப்புகள் பக்கமும் வர வேண்டும்.

மூன்றாவது, பஞ்சாயத்தின் பேரிடர்த் திட்டத்தில் வாடகை வீடுகளில் இருக்கும் குடும்பங்களையும் தலை எண்ணிச் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போலீசு விசாரணைக்குப் பயன்படுத்தக் கூடாது.

நான்காவது, உயிர்நாடியான இடம் எதிலாவது தாக்குதலோ விபத்தோ நடந்தால், 'நடந்தது, ஆபத்து இவ்வளவு, நீங்கள் செய்ய வேண்டியது இது' என்ற மூன்று செய்திகளையும் ஒரு நாளுக்குள் சொல்ல வேண்டும். எப்படி நடந்தது என்பதை ஓட்டையை அடைத்த பிறகு சொன்னால் போதும். ஆனால் ஒரு நாள் சொல்லியே ஆக வேண்டும்.

ஐந்தாவது, உள்ளே வேலை செய்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி ஓர் அபாயத்தைக் கண்டு மேலதிகாரியிடம் சொன்னால், அதற்காக அவன் வேலை போகக் கூடாது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்கும். 2025 மே 7-ஆம் தேதி, போர் மேகம் சூழ்ந்த நாளில், நாடெங்கும் பாதுகாப்பு ஒத்திகை நடத்தினார்கள். கேரளத்தின் 14 மாவட்டங்களிலும் நடந்தது. சங்கு ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களிடம் சொன்னார்கள். அதனால் ஒரு ராணுவ ரகசியமாவது வெளியே போயிற்றா? இல்லை. மனம் இருந்தால் ரகசியத்தையும் காக்கலாம், மக்களையும் தயார் செய்யலாம் என்று அரசாங்கமே அன்று நிரூபித்துக் காட்டியது. அன்று போர்ப் பயத்தில் செய்ததை அமைதிக் காலத்திலும் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

தாய்மார்களே, தோழர்களே! மனு மேசை மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கலாம். பயமாக இருந்தால் போட வேண்டாம். உங்கள் பெயர் இல்லாமலே சங்கம் உங்களுக்காகக் கேட்கும். முதல் கையெழுத்தைக் கிண்ணத்தோடு வந்த அந்தத் தாய் போட்டுவிட்டார். அவர் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவர் மகன் நலமாக இருக்கிறான். அதை மட்டும் சொல்லிவிட்டு விடை பெறுகிறேன்.